ஏஐ கருவிகளோடு ஆய்வுக்கட்டுரை எழுதுவது எப்படி: நேர்மை தவறாமல், படிப்படியாக

கட்டுரையை அனுப்ப இன்னும் இரண்டு மணி நேரம்தான் இருக்கும். இணையப் படிவத்தில் ஒரு கேள்வி வந்து நிற்கும்: 'இந்தக் கட்டுரையைத் தயாரிக்க ஏஐ கருவி எதையாவது பயன்படுத்தினீர்களா? எதற்கு, எந்த அளவுக்கு?' ஆய்வு மாணவர்கள் பலர் என்னிடம் வருவது இந்தக் கட்டத்தில்தான். எந்தப் பத்தியைத் தான் எழுதினோம், எந்தப் பத்தியைக் கருவி திருத்தியது, எந்த மேற்கோள் எங்கிருந்து வந்தது என்று எதுவும் அவர்களுக்கு நினைவிருக்காது. அவர்களில் ஏமாற்ற நினைத்தவர்கள் மிகக் குறைவு. கருவியைச் சீக்கிரமே திறந்துவிட்டார்கள், குறிப்பெடுப்பதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டார்கள். சிக்கல் எல்லாம் அந்த இரண்டிலிருந்து வந்ததுதான்.

அதனால் இந்த வழிகாட்டி வேலையின் வரிசையைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறது. சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் போன்ற உரையாடல் கருவிகளுக்கும், கட்டுரைகளைத் தேடிச் சுருக்கித் தரும் கருவிகளுக்கும், மொழி திருத்தும் கருவிகளுக்கும் இதே வரிசை பொருந்தும்.

தொடங்கும் முன் சில விஷயங்கள் தயாராக இருக்க வேண்டும். எந்த இதழுக்கு அனுப்பப் போகிறீர்கள் என்று ஓரளவு தீர்மானித்திருக்க வேண்டும். ஏஐ பயன்படுத்துவது பற்றி நெறியாளரிடமும் இணை ஆசிரியர்களிடமும் பேசியிருக்க வேண்டும். ஜோடெரோ போன்ற ஒரு மேற்கோள் மேலாண்மை மென்பொருள் வேண்டும். குறிப்பெழுத ஒரு காலிக் கோப்பும் வேண்டும். மேற்கோள் காட்டப்போகும் கட்டுரைகளின் முழு வடிவம் கையில் இருக்க வேண்டும். சுருக்கம் மட்டும் போதாது, ஏன் என்று ஐந்தாம் படியில் சொல்கிறேன்.

1. விதிகளை முதலில் படியுங்கள்

மூன்று இடங்களில் பார்க்க வேண்டும்: நீங்கள் அனுப்பும் இதழ், உங்கள் கல்வி நிறுவனம், ஆய்வுக்கு நிதி தந்த அமைப்பு. மனிதர்களிடம் தரவு திரட்டியிருந்தால் நெறிமுறைக் குழு தந்த அனுமதிக் கடிதத்தையும் எடுத்துப் படியுங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சொன்னால் எது கடுமையோ அதன்படி நடங்கள். நாளைக்குக் கேள்வி கேட்பவர் கடுமையான விதியைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்பார்.

கருவியை ஆசிரியராகப் போடக் கூடாது என்பது ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கிறது. பதிப்பு நெறிமுறைகளுக்கான கோப் அமைப்பு 2023 பிப்ரவரியில் இதைத் தெளிவாகச் சொன்னது. மருத்துவ இதழாசிரியர்களின் குழுவான ஐசிஎம்ஜேஇ அதே ஆண்டு மே மாதம் தன் பரிந்துரைகளில் சேர்த்தது. கட்டுரையில் பிழை என்று கடிதம் வந்தால் பதில் சொல்லவும், பதிப்புரிமைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவும், ஆய்வில் தனக்கு ஏதாவது ஆதாயம் உண்டா என்று அறிவிக்கவும் ஓர் ஆள் வேண்டும். மென்பொருளால் இதில் எதையும் செய்ய முடியாது.

மற்ற விதிகள் இதழுக்கு இதழ் மாறும். இலக்கணமும் நடையும் திருத்த மட்டும் ஏஐயைப் பயன்படுத்தினால் அறிவிக்க வேண்டியதில்லை என்று சில பதிப்பகங்கள் சொல்கின்றன. வேறு சிலவற்றுக்கு அதையும் சொல்லியாக வேண்டும். காலத்துக்கு ஏற்பவும் விதி மாறுகிறது. சயின்ஸ் இதழ் 2023 ஜனவரியில் ஏஐ எழுதிய உரையே கூடாது என்றது. அதே ஆண்டு நவம்பரில், கருவி, அதன் பதிப்பு, கொடுத்த கட்டளை ஆகியவற்றை வெளிப்படையாகச் சொன்னால் பயன்படுத்தலாம் என்று மாற்றியது. ஆகவே விதிப்பக்கத்தைப் படித்த தேதியோடு பிடிஎஃப் ஆகச் சேமித்து வையுங்கள். 'போன வருடம் என் நண்பர் அனுப்பினார், ஒன்றும் கேட்கவில்லை' என்பதை நம்பி இறங்குவது புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

2. எந்தத் தகவலை வெளியே அனுப்பக் கூடாது என்று பிரித்து வையுங்கள்

உரையாடல் பெட்டியில் ஒட்டிய நொடியே அந்த உரை இன்னொரு நிறுவனத்தின் கணினிக்குப் போய்விடுகிறது. பல கருவிகளில், அமைப்புகளில் மாற்றாவிட்டால், அது அடுத்த மாதிரிக்கு (கருவியை இயக்கும் ஏஐ நிரலுக்கு) பயிற்சித் தரவாகவும் பயன்படலாம். அந்த அமைப்பை முதல் நாளே அணைத்துவிடுங்கள். அணைத்தாலும் தகவல் வெளியே போகத்தான் செய்கிறது என்பதை மனத்தில் வையுங்கள்.

நோயாளிகளின் பதிவுகள், நேர்காணல் எழுத்துப்படிகள், பங்கேற்பாளர்களின் விவரங்கள், இன்னும் வெளிவராத இணை ஆய்வாளரின் தரவு, காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்போகும் கண்டுபிடிப்பு: இவற்றைப் பொதுக் கருவிகளில் ஒட்டவே கூடாது. பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். வயது, தொழில், அரிய நோய், ஊர் ஆகிய நான்கும் சேர்ந்தால் பெயர் இல்லாமலே ஆளை அடையாளம் கண்டுவிடலாம். பங்கேற்பாளர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தில் 'தரவு ஆய்வுக் குழுவுக்குள் மட்டும் இருக்கும்' என்று எழுதியிருந்தால் அந்த வாக்கு உங்களைக் கட்டுப்படுத்தும்.

நிறுவனமே பாதுகாப்பான கருவி ஒன்றைத் தந்திருந்தாலோ, உங்கள் கணினியிலேயே இயங்கும் மாதிரி இருந்தாலோ நிலைமை வேறு. அப்போதும் நெறிமுறைக் குழுவிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

3. பயன்பாட்டுக் குறிப்பேடு தொடங்குங்கள்

முதல் கட்டளையைத் தட்டுவதற்கு முன்பே இதைத் தொடங்க வேண்டும். ஓர் அட்டவணை போதும்: தேதி, கருவியின் பெயரும் பதிப்பும், எதற்காகக் கேட்டேன், கட்டளையின் முழு வாசகம், விடையில் எதை எடுத்துக்கொண்டேன், யார் சரிபார்த்தார்கள். ஒரு பதிவுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.

பின்னால் நினைவிலிருந்து எழுதிக்கொள்ளலாம் என்றால் நடக்காது. இந்தக் கருவிகள் ஒரே கேள்விக்கு ஒவ்வொரு முறையும் வேறு விடை தருகின்றன. மாதிரியின் பதிப்பும் சொல்லாமலே மாறிவிடுகிறது. மூன்று மாதம் கழித்து அதே கேள்வியைக் கேட்டு அதே விடையைப் பெற முடியாது. நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதற்கு உங்கள் குறிப்பேடு மட்டும்தான் சாட்சி. ஒன்பதாம் படியில் அறிக்கை எழுதுவதும், பதினொன்றாம் படியில் ஒரு குற்றச்சாட்டை எதிர்கொள்வதும் இதை வைத்துத்தான்.

இதோடு, கட்டுரைக் கோப்பின் பழைய பதிப்புகளை அழிக்காமல் தேதியிட்டு வைத்திருங்கள். கட்டுரை வளர்ந்த விதம் அதில் தெரியும்.

4. முதல் வரைவு உங்கள் கையால் வரட்டும்

ஆய்வுக் கேள்வி என்ன, நான் கண்டது என்ன, அது ஏன் முக்கியம், எங்கே பலவீனம் என்ற நான்கையும் எந்தக் கருவியும் இல்லாமல் எழுதுங்கள். எந்த மொழியில் சிந்தனை ஓடுகிறதோ அந்த மொழியிலேயே எழுதுங்கள். கட்டுரை ஆங்கிலத்தில் போக வேண்டியதாக இருந்தாலும், வாதத்தின் எலும்புக்கூட்டை முதலில் தமிழில் எழுதியவர்கள் தெளிவாக எழுதியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இந்த வரிசையை நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. 'இந்தத் தலைப்பில் ஒரு முன்னுரை எழுது' என்று கேட்டால் கருவி அந்தத் துறையில் பலரும் எழுதிய முன்னுரைகளின் சராசரியைத் தரும். படிக்க வழவழப்பாக இருக்கும். அதைப் பார்த்த பிறகு உங்கள் சொந்தக் கேள்வி அதன் பக்கம் சாய்ந்துவிடும். நான் கூட இருந்து பார்த்த ஒரு மாணவி, தன் தரவில் இருந்த விநோதமான ஒரு முரணைத்தான் எழுத நினைத்தார். கருவி தந்த முன்னுரையோடு பொருந்தவில்லை என்று அந்த முரணையே நீக்கிவிட்டார். அவருடைய ஆய்வில் புதிது என்று சொல்ல இருந்தது அது ஒன்றுதான். பழைய வரைவைத் தேடியெடுத்து அதை மீண்டும் சேர்த்தோம்.

வரைவு முடிந்த பிறகு கருவியை எதிர்வாதியாக உட்காரவைக்கலாம். 'இந்த வாதத்தில் எங்கே தாவல் இருக்கிறது? ஒரு கடுமையான மதிப்பீட்டாளர் எந்தக் கேள்விகளைக் கேட்பார்? திருத்தி எழுதாதே, கேள்விகளை மட்டும் சொல்' என்று கேளுங்கள். வரும் பத்துக் கேள்விகளில் இரண்டு கேள்விகளாவது உங்களை உட்காரவைத்து யோசிக்கவைக்கும். பதிலை நீங்களே எழுதுங்கள்.

5. மேற்கோள்களை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்

அதிகம் பேர் விழும் குழி இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

உரையாடல் மாதிரிகள் அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்து எழுதுகின்றன. மேற்கோள் என்பதும் அவற்றுக்கு ஒரு சொற்கோவைதான். துறையில் உள்ள உண்மையான ஆசிரியர் பெயர், பொருத்தமான தலைப்பு, நம்பும்படியான இதழ், ஆண்டு எல்லாம் சேர்ந்து, இல்லாத ஒரு கட்டுரை பிறந்துவிடும். 2023-இல் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு சாட்ஜிபிடி தந்த 636 மேற்கோள்களைச் சோதித்தது. அதன் பழைய மாதிரி ஜிபிடி-3.5 தந்தவற்றில் 55 சதவீதமும் அடுத்த மாதிரி ஜிபிடி-4 தந்தவற்றில் 18 சதவீதமும் உலகில் இல்லாத கட்டுரைகள். இருந்த கட்டுரைகளிலும் முறையே 43 சதவீதத்திலும் 24 சதவீதத்திலும் விவரப் பிழைகள் இருந்தன. இணையத்தில் தேடிவிட்டுப் பதில் தரும் புதிய கருவிகளில் இட்டுக்கட்டுவது குறைந்திருக்கிறது. அவற்றில் இப்போது அதிகம் காண்பது வேறொரு பிழை: கட்டுரை உண்மையாகவே இருக்கும், ஆனால் கருவி சொல்வதை அது சொல்லியிருக்காது.

அதனால் கருவியிடம் மேற்கோள் கேட்காதீர்கள், தேடும் வழியைக் கேளுங்கள். 'இந்தக் கருத்துக்கு வேறு துறைகளில் என்ன பெயர்கள் உண்டு? எந்தச் சொற்களை வைத்துத் தேடலாம்?' என்பது நல்ல கேள்வி. வரும் சொற்களை எடுத்துக்கொண்டு கூகுள் ஸ்காலரிலோ பப்மெட்டிலோ உங்கள் துறைக்கான தரவுத்தளத்திலோ நீங்களே தேடுங்கள்.

கருவி ஒரு கட்டுரையின் பெயரைச் சொல்லியிருந்தால், அதைப் பட்டியலில் சேர்க்கும் முன் இந்த வரிசையில் பாருங்கள். முதலில் முழுத் தலைப்பை, ஆய்வுக்கட்டுரைகளைப் பதிவுசெய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பின் தேடலில் போட்டு அப்படி ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் டிஓஐ எண்ணை (ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் நிரந்தர இணைய அடையாள எண்ணை) திறந்து, அது அதே கட்டுரைக்குத்தான் போகிறதா என்று பாருங்கள். கருவி தந்த டிஓஐ எண் உண்மையாகவே இருந்து, வேறொரு கட்டுரைக்குப் போவதும் நடக்கிறது. மூன்றாவதாக, ஆசிரியர், ஆண்டு, தொகுதி, பக்கம் ஆகியவற்றை இதழின் பக்கத்தோடு ஒப்பிடுங்கள். நான்காவதாக, கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா என்று பாருங்கள். அப்படித் திரும்பப் பெறப்பட்டவற்றைத் தொகுக்கும் ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளத்தை கிராஸ்ரெஃப் 2023-இல் வாங்கி எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. ஜோடெரோவில் சேர்த்தால் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைக்கு அதுவே எச்சரிக்கை காட்டும்.

கடைசியாகச் செய்ய வேண்டியது, முழுக் கட்டுரையைத் திறந்து நீங்கள் சார்ந்திருக்கும் அந்த வாக்கியத்தைக் கண்டுபிடிப்பது. பக்க எண்ணைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். வாக்கியம் கிடைக்கவில்லை என்றால் மேற்கோளை நீக்குங்கள், கருவி எவ்வளவு உறுதியாகச் சொல்லியிருந்தாலும் சரி.

பிடிஎஃபைக் கருவியிடம் கொடுத்துச் சுருக்கம் வாங்குவதில் தவறில்லை. எந்தக் கட்டுரையை முழுதாகப் படிக்க வேண்டும் என்று தீர்மானிக்க அது உதவும். சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு மேற்கோள் காட்டுவதில்தான் சிக்கல். 'சிறிய குழுவில், ஆண்களிடம் மட்டும்' என்ற வரம்புகள்தான் சுருக்கத்தில் முதலில் காணாமல் போகும். கருவி தந்த விடையையே மூலச் சான்றாகக் காட்டுவதை ஐசிஎம்ஜேஇ ஏற்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

6. தரவையும் கணக்கையும் கருவியின் பொறுப்பில் விடாதீர்கள்

பகுப்பாய்வுக்கு நிரல் எழுத ஏஐயின் உதவி பெறலாம். வந்த நிரலை வரிக்கு வரி புரிந்துகொண்ட பிறகுதான் ஓட்ட வேண்டும். விடை முன்பே தெரிந்த ஒரு சிறிய தரவை, பத்து வரிசை போதும், முதலில் கொடுத்துப் பாருங்கள். கையால் கணக்கிட்ட விடையும் நிரலின் விடையும் ஒத்துப்போகிறதா? விடுபட்ட மதிப்புகளை நிரல் சத்தமில்லாமல் நீக்குகிறதா, பூஜ்யமாக்குகிறதா? நான் பார்த்த பிழைகளில் பாதிக்கு மேல் இந்த விடுபட்ட மதிப்புகளில்தான் இருந்தன.

எந்தப் புள்ளியியல் சோதனை பொருந்தும் என்று கருவியிடம் கேட்டால், ஏன் பொருந்தும், எந்த நிபந்தனைகளில் பொருந்தாது என்பதையும் கேளுங்கள். அதைப் பாடநூலோடு ஒப்பிடுங்கள். ஒரு சோதனையில் எதிர்பார்த்த முடிவு வரவில்லை என்று வேறு வேறு சோதனைகளைக் கருவியிடம் வாங்கிக்கொண்டே போவது ஏஐ வருவதற்கு முன்பே தவறுதான். இப்போது அதைச் செய்வது மிக எளிதாகிவிட்டதால் கூடுதல் கவனம் வேண்டும். பகுப்பாய்வுத் திட்டத்தை முதலிலேயே எழுதித் தேதியிட்டுவிட்டால் அந்தச் சபலம் குறையும்.

நேர்காணல்களைக் கருப்பொருள் வாரியாகப் பிரிப்பதற்குக் கருவியைப் பயன்படுத்தினால், முதலில் ஒரு பகுதியை நீங்களே பிரியுங்கள். பிறகு கருவி பிரித்ததோடு ஒப்பிட்டு, எங்கே வேறுபடுகிறது என்பதைக் கட்டுரையில் சொல்லுங்கள். முதலில் கருவியின் பிரிப்பைப் பார்த்துவிட்டால் உங்கள் கண்ணும் அதையே பார்க்கும்.

விடுபட்ட பதில்களைக் கருவியைக் கொண்டு நிரப்பி, அதைத் திரட்டிய தரவோடு கலந்து காட்டுவது பொய்த் தரவு. செயற்கைத் தரவு உங்கள் ஆய்வு முறையின் ஒரு பகுதி என்றால் அது செயற்கை என்று ஒவ்வோர் இடத்திலும் எழுதுங்கள்.

7. மொழியைத் திருத்தும்போது பொருள் நழுவாமல் பாருங்கள்

இரண்டாம் மொழியில் எழுதுகிறவர்களுக்கு இந்தக் கருவிகள் உண்மையான துணை. நல்ல ஆய்வு மொழி சரியில்லை என்ற ஒரே காரணத்துக்காகத் திரும்பி வந்த வருத்தம் எத்தனையோ பேருக்கு உண்டு. இந்த உதவியைப் பெற யாரும் கூச வேண்டியதில்லை. முறையாகப் பெற வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு நேரத்தில் ஒரு பத்தி மட்டும் கொடுங்கள். முழுக் கட்டுரையைக் கொடுத்தால் எது மாறியது என்று பார்க்கவே முடியாது. கட்டளையை இப்படி எழுதலாம்: 'இந்தப் பத்தியில் இலக்கணத்தையும் தெளிவையும் மட்டும் திருத்து. கருத்து எதையும் சேர்க்காதே, நீக்காதே. எண்கள், கலைச்சொற்கள், மேற்கோள்களைத் தொடாதே. செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் காரணத்தோடு பட்டியலிடு.' பட்டியல் கேட்பது நீங்கள் ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியாக ஏற்கவோ மறுக்கவோ முடியும் என்பதற்காக. அந்தப் பட்டியலிலும் சில மாற்றங்கள் விடுபடும். அதனால் பழைய பத்தியையும் புதிய பத்தியையும் பக்கத்தில் பக்கம் வைத்து ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.

நான்கு விதமான நழுவல்களைத் தேடிப் பாருங்கள். 'தொடர்பு இருக்கிறது' என்பது 'காரணமாகிறது' என்று மாறும். 'இருக்கலாம்' என்பது 'உறுதிப்படுத்துகிறது' ஆகும். 'சில' என்பது 'பெரும்பாலான' ஆகும். கலைச்சொல் நீங்கிப் பார்வைக்கு ஒத்த இன்னொரு சொல் வந்து உட்காரும். முதல் மூன்றும் உங்கள் முடிவையே பெரிதாக்கிவிடும், தரவு தாங்காத அளவுக்கு.

நான்காவதுக்கு ஒரு பெயரே உண்டு: சித்திரவதைப்பட்ட சொற்றொடர்கள். 2021-இல் சில ஆய்வாளர்கள் இவற்றைத் தேடித் தொகுத்தார்கள். 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னெஸ்' என்று, அதாவது கள்ள உணர்வு என்று, கட்டுரைகள் வெளிவந்திருந்தன. பிறர் எழுதியதை மாற்று வாசகக் கருவியில் போட்டு, ஒற்றுமை சோதிக்கும் மென்பொருளுக்குத் தெரியாமல் மறைக்க முயன்றதன் தடயம் அது. சொல்லை மாற்றினாலும் கருத்து பிறருடையது என்றால் அது கருத்துத் திருட்டுதான். பிறர் கருத்தைச் சொல்ல வேண்டுமா, மூலத்தை மூடிவைத்துவிட்டு உங்களுக்குப் புரிந்ததை எழுதி, மேற்கோள் காட்டிவிடுங்கள்.

8. படங்களில் கை வைக்காதீர்கள்

நுண்ணோக்கிப் படம், ஜெல் படம், மருத்துவப் படம் போன்றவற்றைக் கருவி கொண்டு உருவாக்கவோ 'தெளிவாக்கவோ' கூடாது. அவை தரவு. தெளிவாக்கும்போது, இல்லாத விவரத்தைக் கருவி இட்டு நிரப்புகிறது.

விளக்கப் படங்களுக்கும் பெரிய பதிப்பகங்கள் பெரும்பாலும் அனுமதி தருவதில்லை. 2024 பிப்ரவரியில் ஓர் உயிரணுவியல் கட்டுரையில் மிட்ஜர்னி என்ற ஏஐ படக் கருவி வரைந்த எலியின் படம் வந்தது. உறுப்புகள் இயல்புக்கு மீறிய அளவில் இருந்தன, பெயர்க்குறிப்புகளில் பொருளற்ற எழுத்துகள் இருந்தன. சில நாள்களிலேயே கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. கருவியைப் பயன்படுத்தியதாக ஆசிரியர்கள் கட்டுரையிலேயே சொல்லித்தான் இருந்தார்கள். சொல்லிவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன். வெளிப்படுத்துவது ஒரு கடமை, சரிபார்ப்பது இன்னொரு கடமை.

9. வெளிப்படுத்தும் அறிக்கையை எழுதுங்கள்

குறிப்பேடு இருந்தால் இது பதினைந்து நிமிட வேலை. எங்கே எழுதுவது என்பதை இதழின் விதி சொல்லும். ஐசிஎம்ஜேஇ வழியில் போகும் இதழ்களில், எழுத உதவி பெற்றிருந்தால் நன்றியுரையிலும், தரவு திரட்டவோ பகுப்பாய்வுக்கோ படம் தயாரிக்கவோ பயன்படுத்தியிருந்தால் ஆய்வு முறைப் பகுதியிலும் எழுத வேண்டும். இதழாசிரியருக்கு எழுதும் முகப்புக் கடிதத்திலும் சொல்ல வேண்டும். சில பதிப்பகங்கள் மேற்கோள் பட்டியலுக்கு முன்னால் தனித் தலைப்பில் கேட்கின்றன.

'எழுதுவதற்கு ஏஐ உதவி பெறப்பட்டது' என்ற ஒற்றை வரி யாருக்கும் பயன்படாது. எது, எங்கே, எந்த அளவு, யார் சரிபார்த்தது என்ற நான்கும் தெரிய வேண்டும். ஒரு மாதிரி:

'முன்னுரை, விவாதம் ஆகிய பகுதிகளில் ஆசிரியர்கள் எழுதிய வரைவின் இலக்கணத்தைத் திருத்த (கருவியின் பெயர், பதிப்பு, பயன்படுத்திய மாதமும் ஆண்டும்) பயன்படுத்தப்பட்டது. பகுப்பாய்வு நிரலின் முதல் வடிவமும் இதே கருவியின் உதவியுடன் எழுதப்பட்டு, முதல் ஆசிரியரால் சோதனைத் தரவு கொண்டு சரிபார்க்கப்பட்டது. மேற்கோள்கள் அனைத்தும் மூலக் கட்டுரைகளோடு ஒப்பிடப்பட்டன. ஆய்வுக் கேள்வியையும் முடிவுகளின் விளக்கத்தையும் உருவாக்க ஏஐ பயன்படுத்தப்படவில்லை. உள்ளடக்கம் முழுவதற்கும் ஆசிரியர்களே பொறுப்பு.'

கடைசி இரண்டு வாக்கியங்களையும் உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். விதி தெளிவாக இல்லை என்றால் கொஞ்சம் கூடுதலாகவே சொல்லிவிடுங்கள். கூடுதலாகச் சொன்னதற்காகச் சிக்கியவரை நான் பார்த்ததில்லை, மறைத்தது பின்னால் தெரிந்து தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

10. அனுப்பும் முன் கடைசி வாசிப்பு

முதலில் ஓர் இயந்திரத் தேடல். கருவிகளின் வழக்கமான வாசகங்கள் கோப்பில் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடுங்கள். 2024-இல் வெளிவந்த பேட்டரி பற்றிய ஒரு கட்டுரையின் முன்னுரை, 'கண்டிப்பாக, உங்கள் தலைப்புக்கு ஏற்ற ஒரு முன்னுரை இதோ' என்று பொருள்படும் ஆங்கில வரியோடு தொடங்கியது. இணை ஆசிரியர்கள், மதிப்பீட்டாளர்கள், இதழாசிரியர் எல்லோர் கண்ணையும் தாண்டி அச்சாகிவிட்டது. பின்னர் அது திரும்பப் பெறப்பட்டது.

அப்புறம் கட்டுரையை வாய்விட்டுப் படியுங்கள். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் நிறுத்தி, 'இதை ஏன் இப்படிச் சொன்னாய்?' என்று ஒருவர் கேட்டால் திரையைப் பார்க்காமல் பதில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியாத பத்தி இன்னும் உங்களுடையதாக ஆகவில்லை. அதைப் புரிந்துகொண்டு மறுபடி எழுதுங்கள், இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். நெறியாளரோ நண்பரோ உட்கார்ந்து இந்தக் கேள்விகளைக் கேட்டால் இன்னும் நல்லது.

இறுதி வடிவத்தையும் அறிக்கையையும் எல்லா இணை ஆசிரியர்களுக்கும் அனுப்பி எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். அவர்களும் தங்கள் பகுதிக்கு ஏதாவது கருவி பயன்படுத்தியிருக்கலாம். இந்தக் கேள்வியை நேராகக் கேட்காமல் விட்டதால் அறிக்கை தவறாகிப்போனதைக் கண்டிருக்கிறேன்.

11. கண்டறியும் மென்பொருள் உங்களைச் சுட்டினால்

நீங்களே எழுதிய பத்தியை 'ஏஐ எழுதியது' என்று ஒரு மென்பொருள் சொல்லக்கூடும். பதறாதீர்கள். 2023-இல் பேட்டர்ன்ஸ் இதழில் வந்த ஆய்வு, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கண்டறியும் கருவிகளில் போட்டுப் பார்த்தது. சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவை ஏஐ எழுதியவை என்று தவறாக முத்திரை குத்தப்பட்டன. எளிய சொற்களும் கணிக்கக்கூடிய வாக்கியங்களும் அந்தக் கருவிகளுக்குச் சந்தேகம் தருகின்றன. ஓப்பன்ஏஐ நிறுவனமே தான் வெளியிட்ட கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது.

குறிப்பேட்டையும், தேதியிட்ட பழைய வரைவுகளையும், உங்கள் தரவையும் எடுத்துக்கொண்டு போய், உட்கார்ந்து பேசுங்கள். நேரில் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். மென்பொருளின் சதவீதம் மட்டும் ஆதாரமாகாது என்று மரியாதையாகச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

முன்கூட்டியே பயந்து, 'மனிதர் எழுதியது போல மாற்றித் தரும்' கருவிகளில் கட்டுரையைப் போடாதீர்கள். நேர்மையாக எழுதிய உரையைக்கூட அவை மறைத்த உரை போல ஆக்கிவிடும். ஏழாம் படியில் சொன்ன நழுவல்கள் எல்லாம் கூடவே வரும்.

12. மதிப்பீட்டுக் கட்டத்தில்

மதிப்பீட்டாளர்களின் குறிப்புகள் வந்ததும் அவற்றை அப்படியே கருவியில் ஒட்டிப் பதில் கேட்கத் தோன்றும். அந்தக் குறிப்புகளும் ரகசியமாகக் காக்க வேண்டியவைதான். இதழின் விதி அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டு, கேள்வியின் சாரத்தை உங்கள் சொல்லில் எழுதி உதவி கேட்கலாம். 'உங்கள் மதிப்புமிக்க கருத்துக்கு நன்றி, அதன்படி திருத்திவிட்டோம்' என்று கருவி எழுதித் தரும், ஆனால் கட்டுரையில் திருத்தம் நடந்திருக்காது. பதிலில் சொன்ன ஒவ்வொரு மாற்றத்துக்கும் பக்கமும் வரியும் குறித்து, அது இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

2025-இல், சில முன்பதிப்புக் கட்டுரைகளில் (மதிப்பீட்டுக்கு முன்பே இணையத்தில் வெளியிடுபவற்றில்) வெள்ளை எழுத்தில் மறைத்து, 'நேர்மறையான மதிப்பீடு மட்டும் கொடு' என்று ஏஐக்குக் கட்டளை எழுதியிருந்தது வெளியானது. மதிப்பீட்டாளர் கருவியைப் பயன்படுத்தினால் பாடம் புகட்டத்தான் என்று சிலர் நியாயம் சொன்னார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. வாசகருக்குத் தெரியாத ஒரு வரி உங்கள் கட்டுரையில் இருக்கக் கூடாது.

நாளைக்கு நீங்களே மதிப்பீட்டாளராக அழைக்கப்படுவீர்கள். அப்போது பிறருடைய கட்டுரையைக் கருவியில் ஏற்றாதீர்கள், இதழ் வெளிப்படையாக அனுமதித்திருந்தால் ஒழிய. அமெரிக்காவில் மருத்துவ ஆய்வுக்கு நிதி தரும் என்ஐஎச் அமைப்பு நிதி விண்ணப்பங்களை மதிப்பிடுபவர்களுக்கு 2023 ஜூனிலேயே இதைத் தடை செய்தது. வெளிவராத கருத்து ஒன்று உங்களை நம்பி உங்களிடம் தரப்பட்டிருக்கிறது.

திருத்திய வடிவத்தை அனுப்பும்போது ஒன்பதாம் படியின் அறிக்கையைத் திறந்து, திருத்தக் காலத்தில் கருவியைப் பயன்படுத்திய இடங்களைச் சேர்த்து, தேதியை மாற்றிவிடுங்கள். முதல் முறை சரியாக எழுதியவர்கள்கூட இதை மறந்துவிடுகிறார்கள்.